கிணற்றுக்கு ஒரு கயிறு

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக எட்டு வருடம் ஓடிவிட்டது. மிளகைக் காயப்போட்டுவிட்டு மதியத்தில் நோட்டை எடுப்பேன். பத்து வரி எழுதுவேன். அந்தப் பத்து வரியில் நான் நல்லவனாகத் தெரிவேன். கிழித்துப் போட்டுவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவன். மலைமேல் தேவனூர் நாட்டில் சாமையும் மரவள்ளியும் போட்டு, நிழல் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றிப் பிழைக்கிறவன். எழுத்துப் பிழை வந்துவிடுமே என்று தயங்கவில்லை. இதற்குள் நான் சொன்ன ஒரு பொய் இருக்கிறது. அதனால்தான் இத்தனை வருடம். இந்தத் தைப்பூசத்துக்கு விரதம் இருந்தபோது, அதை உள்ளே வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் விளக்கேற்றுவது என்று தோன்றியது. முருகன் துணை. ஆரம்பிக்கிறேன்.

கிணற்றுப் பூச்சிகளைத் தேடி எங்கள் ஊருக்கு வந்த அந்த அம்மாவின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் புட்டிகளில் ஒட்டும் சீட்டில் கிணற்றின் பெயர் இருக்கும், கயிறு எத்தனை முழம் இறங்கியது என்று இருக்கும், தேதி இருக்கும். “எடுத்தவங்க பேரப் போட வேண்டாமுங்களா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“எடுத்தவ நாளைக்கு இருக்க மாட்டா. கிணறு இருக்கும்,” என்றார்.

எங்கள் ஊரில் அவரைக் கிணத்தம்மா என்றே கூப்பிட்டார்கள். ஒரு பங்குனி மாதம் செம்மேட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். ராமநாதபுரம் பக்கத்து வறண்ட காட்டில் பிறந்தவர், கல்லூரியில் பாடம் எடுத்தவர். முதுகில் ஒரு பை, இரண்டு தோளிலும் கயிற்றுச் சுருள். பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த டீச்சர் என்று நினைத்து என் மனைவி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். வாங்கியவர் வாயில் வைக்கும் முன் கேட்டார்: “எந்தக் கிணத்துத் தண்ணீங்க?”

மனைவிக்குச் சுருக்கென்றது. ஆள் பார்த்து, இடம் பார்த்துக் குடிக்கிறவர் போல என்று நினைத்துவிட்டாள். “ஏனுங்க, எங்கூட்டுத் தண்ணி குடிக்க மாட்டீங்களா?” என்றாள்.

“ஐயோ, குடிக்கத்தானே வாங்கினேன். எந்தக் கிணறுன்னு தெரிஞ்சா நாளைக்குப் போய் அதுக்குள்ள பாக்கலாமேன்னு கேட்டேன்.” ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார். இரண்டு கோடைகாலம் எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கினார்.

அவர் தேடி வந்தது கிணற்றுக்கு அடியில், பாறை வெடிப்புத் தண்ணீரில் இருக்கும் பூச்சிகளை. புனல் போலத் தைத்த மெல்லிய வலை, அதன் நுனியில் ஒரு சின்னக் குப்பி. வலையைக் கிணற்றின் அடிவரை இறக்கி, சேற்றைக் கலக்கி, மெல்ல இழுப்பார். மலைமேல் உள்ள ஊற்றுக் கிணறுகள் கொஞ்சம், மலையடிவாரத்தில் காய்ந்து கிடக்கும் காட்டுக் கிணறுகள் கொஞ்சம், ஆகப் பன்னிரண்டு. பன்னிரண்டுக்கும் தனித்தனிக் கயிறு, தனித்தனி வலை. கயிற்றின் நுனியில் ஒவ்வொரு நிறத்தில் நூல் சுற்றியிருக்கும். ஒரு கிணற்றில் நனைந்தது இன்னொரு கிணற்றில் நனையக் கூடாது. வேலை முடிந்ததும் வலையை வெந்நீரில் அலசிப் பாறைமேல் காயவைப்பார். செருப்பின் அடியைக் குச்சியால் சுரண்டிக் கழுவுவார். கால் விரலிடுக்கைக்கூட விடமாட்டார்.

“எம் மாமியாளுகூட என்னைய இத்தன தேய்க்கச் சொன்னதில்லீங்க,” என்பாள் மனைவி, வெந்நீர் அடுப்பை ஊதிக்கொண்டே.

நான் அவருக்குச் சுமை தூக்கப் போவேன். ஒரு நாள் அவசரத்தில் பச்சை நூல் கயிற்றுக்குப் பதில் மஞ்சள் நூல் கயிற்றை எடுத்துப் போய்விட்டேன். கிணற்றடியில்தான் பார்த்தார். திட்டவில்லை. கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வந்த ஏற்றத்திலேயே திரும்பி நடந்தார். உச்சி வெயில்.

“அம்மா, கழுவின கயிறுதானுங்களே!”

“கழுவினது உங்க கண்ணுக்கு. நாரு இடுக்குல ஒரே ஒரு முட்டை ஒட்டியிருந்தா? இந்தக் கிணத்துல இருக்கறத அந்தக் கிணத்துல கொண்டுபோய் விட்டவ ஆயிடுவேன்.”

கிணற்றுக்கெல்லாம் தீட்டுப் பார்க்கிறது இந்த அம்மா என்று ஊரில் சிரித்தார்கள். யாரோ நேராகவே கேட்டும் விட்டார்கள். அவர் கோபப்படவில்லை. “மனுசங்க கலக்கலாமுங்க. ஒண்ணா ஒக்காந்து திங்கலாம், கல்யாணம் கட்டலாம். வாய் இருக்கு, எங்கிருந்து வந்தோம்னு சொல்லிக்குவோம். இதுக்கு வாய் இல்ல. எந்தக் கிணத்துல இருக்குங்கறது ஒண்ணுதான் அது சொல்ற சேதி. அதையும் நான் கலக்கிட்டா அப்புறம் யாரு சொல்றது?” சொன்ன மாதிரியே எல்லார் வீட்டிலும் களி தின்றார், எந்தத் தட்டில் போட்டாலும்.

முதன்முதலில் அந்த உயிரைக் காட்டியபோது, வெயில் படாமல் தன் முந்தானை நிழலுக்குள் குப்பியைப் பிடித்துக்கொண்டு, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். சாமை அரிசி இரண்டை நீளவாக்கில் வைத்த அளவு. கண்ணாடி போல வெளுப்பு. உள்ளே குடல் ஒரு நூல் மாதிரி ஓடியது. கால்களை எண்ணி முடியவில்லை. தலை இருந்தது. கண் இருக்க வேண்டிய இடம் மழுங்கி இருந்தது.

“இறாலுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்,” என்றார். “கீழ இருக்கற காடெல்லாம் எப்பவும் இப்படி வறண்டு கெடக்கலீங்க. ஒரு காலத்துல ஓடையில வருசம் பூராத் தண்ணி. இதோட முன்னோருங்க அந்த ஓடை மணலுக்குள்ள இருந்துச்சுங்க. கண்ணு இருந்துச்சு, நெறம் இருந்துச்சு. மழை கொறஞ்சுச்சு. ஓடை வத்துச்சு. மேல இருந்ததெல்லாம் செத்துப்போச்சு. தண்ணி பின்னாலயே கீழ எறங்கினது மட்டும் பொழச்சுது.”

“அப்பறம் கண்ணு ஏனுங்க போச்சு?”

“இருட்டுல கண்ணு வச்சிருக்கறதும் ஒரு செலவுங்க. கண்ணு மங்கலாப் பொறந்த குஞ்சுக்கு அங்க ஒரு நட்டமும் இல்ல. அதுவும் பொழச்சு முட்டை வச்சுது. அதோட குஞ்சுல ஒண்ணுக்கு இன்னும் மங்கல். இப்படியே எத்தனையோ ஆயிரம் தலைமுறை.” குப்பியை மூடி ஈரத்துணியில் சுற்றினார். “இந்தப் பாறை வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் தண்ணி போற வழி இல்லேன்னா, ஒரு தாய் மக்களாப் பிரிஞ்சதுங்க திரும்பச் சேரவே முடியாது. அதது தனியா மாறிக்கும். இந்தக் கிணத்துல இருக்கறது பக்கத்துக் கிணத்துல இருக்காதுன்னு நெனக்கிறேன். நெனப்புதான். இன்னும் பாக்கல.”

எனக்கு மனசு பொறுக்கவில்லை. “அப்போ ஆண்டவன் இதுங்கள மறந்துட்டானுங்களா?” என்று கேட்டேன்.

கேலி செய்வார் என்று பயந்தேன். அவர் குப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டே, “அத நீங்க கும்புடற எடத்துலதான் கேக்கணும். என் நோட்டுல அதுக்குப் பக்கம் இல்லீங்க,” என்றார்.

அன்றைக்கு விளக்கேற்றும்போது, பிள்ளைகளைக் காப்பாற்று, ஆடு மாட்டைக் காப்பாற்று என்று சொல்லி முடித்த பிறகு, பூமிக்கடியில் கண் இல்லாமல் இருப்பதையும் பார்த்துக்கொள் என்று சேர்த்துச் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு நாளும் விடவில்லை.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான நோட்டு. இடது பக்கத்தின் தலைப்பில் ‘பார்த்தது’, வலது பக்கத்தின் தலைப்பில் ‘கேட்டது’. தன் கண்ணால் பார்த்ததை மட்டும் இடது பக்கம் எழுதுவார். நம் ஊரில் கதைக்கா பஞ்சம்? பெரிய ஊற்றில் போட்ட எலுமிச்சம்பழம் மலையடிவாரத்துக் கிணற்றில் மிதந்தது என்று என் மனைவி ஒரு நாள் அடித்துச் சொன்னாள்.

“பழத்த நீங்க பாத்தீங்களா?”

“எங்க அப்புச்சி பாத்தாருங்க. கையில எடுத்தே பாத்தாராம்.”

அம்மாவின் அப்பா பார்த்த பழம் வலது பக்கம் போயிற்று. “எங்க அப்புச்சி பொய் சொல்வாருங்களா?” என்று மனைவி முறைத்தாள். “பொய்யின்னு ஒரு பக்கம் நான் வைக்கவே இல்லீங்களே,” என்று அந்த அம்மா சிரித்தார். எங்கள் ஊர்க்காரர் சொன்ன எதுவும் இரண்டு வருடத்தில் இடது பக்கம் ஏறியதில்லை. ஒரே ஒரு சொல் ஏறியது. அது நான் சொன்னது.

இரண்டாவது கோடை. மலையடிவாரத்தில் ஒரு விவசாயியின் காட்டில் புளியமரத்துக் கிணறு என்று ஒன்று. அந்தக் காலத்தில் குடிதண்ணீருக்குத் தோண்டிய சின்ன வட்டக் கிணறு. அடியில் முழங்கால் அளவு தண்ணீர். ஆட்டுக்குட்டி ஒன்று விழுந்து செத்ததிலிருந்து அதை மூடிவிட வேண்டும் என்று அவர் கரையிலேயே மண்ணைக் குவித்து வைத்திருந்தார். அதில்தான் அந்த அம்மாவுக்கு ஒன்று கிடைத்தது. ஒன்றே ஒன்று. மலைமேல் இருப்பதைப் போலவேதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, வால் முள் வேறு மாதிரி இருக்கிறது என்றார்.

விவசாயியிடம் கெஞ்சினார். “கொஞ்ச நாள் பொறுங்க. இது உங்க கிணத்துல மட்டும் இருக்கறதா இருக்கலாம். மூடிட்டா அப்புறம் எங்கயும் இல்ல.”

“பூச்சிக்காகங்களா?” என்று அவர் தலையைச் சொறிந்தார். “செரிங்கம்மா. நீங்க மூடலாமுன்னு சொல்ற வரைக்கும் மண்ணத் தள்ள மாட்டேன். சொன்னாச் சொன்னதுதான்.”

நிறைய கிடைத்தால் இரண்டு மூன்றைக் கெடாமல் இருக்கச் சாராயத்தில் போட்டு வைத்துக்கொண்டு மீதியை அதே கிணற்றில் விடுவது அந்த அம்மாவின் வழக்கம். ஒன்றுதான் என்றால் சாராயம் கிடையாது. படம் வரைந்துகொண்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி விட வேண்டும். அந்த ஒன்றையும், அதன் கிணற்றுத் தண்ணீர் ஒரு கேனையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னறை மூலையில் ஈரச்சாக்கு சுற்றிய மரப்பெட்டிக்குள் புட்டியை வைத்தார். பக்கத்துப் புட்டியில் எங்கள் ஊற்றுக் கிணற்று உயிர்கள் ஐந்து.

மறுநாள் ஆபீஸ் வேலையாக நாமக்கல் போனார். போகும்போது, “சாக்கு காயாமப் பாத்துக்கங்க. மூடியத் தொறக்க வேண்டாம். சாயங்காலம் வாரேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். வாரேன் என்பது எங்களிடம் பழகிய பேச்சு.

அன்று பிரதோஷம். விரதம். பூசை முடித்துத் திருநீறு பூசிக்கொண்டு சாக்கை நனைக்கப் போனேன். பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐந்து இருந்த புட்டியில் ஓட்டமும் சாட்டமுமாக இருந்தது. ஒன்று இருந்த புட்டியில் அது அடியில் ஒடுங்கிக் கிடந்தது. அசைவே இல்லை. தினமும் எதற்காக வேண்டிக்கொள்கிறேனோ அதுவே என் எதிரில் தனியாகக் கிடக்கிறது. கண்ணும் இல்லை, துணையும் இல்லை. மருந்து விடும் உறிஞ்சுகுழல் ஒன்று பக்கத்தில் இருந்தது. ஐந்தில் ஒன்றை உறிஞ்சி அதனிடம் விட்டேன். சற்று நேரத்தில் இரண்டும் அசைந்தன. ஏதோ புண்ணியம் செய்துவிட்டதாகக் கண் கலங்க நின்றேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் வந்தவர் பெட்டியைத் திறந்தார். “ரெண்டு இருக்கே!” என்று சின்னப் பெண்ணைப் போலக் கத்தினார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

“ஒண்ணு மலைமேல இருக்கற வகை. இது எப்படி அந்தக் கிணத்துத் தண்ணியில வந்துச்சு? என் கையாலதான் ஏதோ கலந்துட்டேனா? அஞ்சு இருந்துச்சா, நாலா? எண்ணி எழுதாமப் போயிட்டேனே.” தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று என்னைப் பார்த்தார். “மூடிய யாராச்சும் தொறந்தாங்களா?”

மனைவி நின்றிருந்தாள். பக்கத்து வீட்டார் இரண்டு பேர் களத்தில் இருந்தார்கள். ஒரு பூச்சிக்குத் துணை சேர்த்ததில் யாருக்கு என்ன போகிறது என்று ஒரு நினைப்பு. திருட்டுத்தனம் செய்தவனாகத் தெரிவேனே என்று ஒரு கூச்சம்.

“இல்லீங்க,” என்றேன்.

என் நெற்றித் திருநீற்றை ஒரு தரம் பார்த்தார். “நீங்க சொன்னாச் சரி,” என்று நோட்டை எடுத்தார். ‘மூடி திறக்கப்படவில்லை’ என்று இடது பக்கம் எழுதினார். நான் பார்த்தேன். இடது பக்கம்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாதது. அவர் வருத்தப்படவே இல்லை. “அப்போ நான் நெனச்சது தப்பு. மேல இருக்கற தண்ணியும் கீழ இருக்கறதும் எங்கயோ சேருது. பழம் மெதந்தது நெசமாக்கூட இருக்கலாம்,” என்று என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். “அந்த வகையும் வேற எடத்துல இருக்கும். இனி அந்த மனுசனை நிறுத்தி வைக்க எனக்கு ஞாயம் இல்ல.” அங்கேயே நின்று விவசாயிக்கு போன் போட்டார். “உங்களக் காக்க வச்சிட்டேன். கிணத்த மூடிக்கங்க.”

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

மறுநாள் காலையில் விளக்குத் திரியைத் தூண்டக் கை வரவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் விபூதித் தட்டைக் கீழே வைத்தாள். “ஏனுங்க, அதச் சொல்லாம இங்க என்னத்தக் கும்புடறீங்க? எந்திரிங்க. போயிச் சொல்லிப்போட்டு வாங்க.”

அந்த அம்மா பாறைமேல் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கையில் இருந்த வலை அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்து அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. புட்டியை எடுத்து, மலைவகை ஒன்றை மட்டும் பிரித்துத் தனியே வைத்துவிட்டு, புளியமரத்துக் கிணற்று உயிர் இருந்த புட்டியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டார். அந்தக் கிணற்றுக்கான ஊதா நூல் கயிற்றையும் எடுத்துக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் இறங்கினோம். மலைப்பாதையின் எழுபது வளைவிலும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் சாய்கிற பக்கத்துக்கு எதிராக மடியில் புட்டியைச் சாய்த்துச் சாய்த்து, தண்ணீர் அலம்பாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

புளியமரத்தடியில் ஜேசிபி வேலை முடித்து நின்றிருந்தது. கிணறு இருந்த இடத்தில் மண் கழுத்துவரை வந்துவிட்டது. விவசாயி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். “ஏனுங்கம்மா, நீங்கதானுங்களே சொன்னீங்க? வண்டிச் சத்தத்துல போனு கேக்கலீங்க. இப்பத் தோண்டோணுமுன்னாலும் தோண்டச் சொல்றேனுங்க.”

அந்த அம்மா குனிந்து மண்ணைத் தொட்டார். “வேண்டாமுங்க. உங்க மேல ஒண்ணும் தப்பு இல்ல. தோண்டினாலும் இனி சேறுதான்.” கரையில் உட்கார்ந்து மடியில் இருந்த புட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திருப்பி விட வந்த இடம் இல்லை.

என்னால் நிற்க முடியவில்லை. “அம்மா, எங்க ஊத்துக் கிணத்துல விட்டுடலாமுங்க. நான் பாத்துக்கறேன்,” என்றேன்.

அன்று அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது: “அது உங்க கிணறுங்க. இதோடது இல்ல.”

கேனில் இருந்த அதன் கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பத்தொன்பது நாள் அதை வைத்திருந்தார். இருபதாம் நாள் காலையில் அது அசையவில்லை. சாராயத்தில் போட்டு, ‘புளியமரத்துக் கிணறு’ என்று சீட்டு ஒட்டினார். பிறகு நோட்டை என் முன்னால் விரித்தார். இடது பக்கத்தில் என் சொல்லின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். அழிக்கவில்லை, கீழே இருந்த எழுத்து தெரிந்தது. அதையே அப்படியே வலது பக்கம் எழுதினார். அதற்கடியில், ‘வீட்டுக்காரர் மூடியைத் திறந்தார். இரக்கத்தால்,’ என்று எழுதினார்.

“அது எதுக்குங்க, இரக்கம்னு?” என்றேன்.

“நடந்ததுல அதுவும் உண்டுங்களே. விட்டுட்டா எழுதினது குறையாயிடும்.”

“இனி அந்த வகை எங்கயுமே இல்லீங்களா?”

“தெரியாது. ஒரு கிணத்துல ஒண்ணப் பாத்தேன். கிணறு மூடிப்போச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.” அப்படியேதான் எழுதியும் வைத்தார்.

ஆடி பிறப்பதற்குள் மலையிறங்கிப் போய்விட்டார். போகும் அன்று என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னிடம் ஊதா நூல் கயிற்றைக் கொடுத்தார். “வேற கிணத்துல விட்டுடாதீங்க,” என்றார். கோபமா, மன்னிப்பா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பிறகு அவர் போன் நம்பர் வேலை செய்யவில்லை. கயிறு எங்கள் வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது. மாடு கட்டக்கூட நாங்கள் எடுப்பதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது எதையும் சேர்க்காதீர்கள். அதுதான் அந்த வகையில் கடைசி என்று சேர்க்க ஆசை வரும். எனக்கே பலமுறை வந்தது. அந்த அம்மா அப்படி எழுதவில்லை. கிணற்றங்கரையில் நான் அழுதேன் என்று சேர்க்காதீர்கள். எனக்கு அன்று அழுகை வரவில்லை. மண் தள்ளியவரைக் குற்றம் சொல்லாதீர்கள். இரக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொய்யை விட்டுவிடாதீர்கள். பொய்யை மட்டும் வைத்துக்கொண்டு இரக்கத்தை விட்டுவிடவும் வேண்டாம். எழுதிவைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இதை வலது பக்கத்தில், ‘கேட்டது’ என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொள்ளுங்கள். என் சொல்லுக்கு அந்தப் பக்கம்தான்.